பட்டாளத்தான் திரும்பி வந்த ஊர்

சென்ற மாதம் நம் சங்கத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓர் ஆப்பிரிக்க நாவலைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது செயலாளர், "இதையே இதழுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார், வராதவர்களும் படிக்கட்டும்" என்றார். நான் தமிழ் எம்.ஏ.வும் இல்லை, ஆங்கில எம்.ஏ.வும் இல்லை. மெட்ராஸ் சாப்பர்ஸில் 26 ஆண்டுகள் பாலம் போட்டவன், கண்ணிவெடி எடுத்தவன். இலக்கியம் அறிந்தவர்கள் இதில் குறை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் புத்தகம் என் கைக்கு வந்ததே ஒரு கதை. என் பேத்தி இங்கே தில்லியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தைத் தொப்பென்று போட்டுவிட்டு, "தாத்தா, இது இங்கிலீஷே இல்ல. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கிராமர் தப்பு. இதைப் போய் சிலபஸ்ல வெச்சிருக்காங்க" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் புரியாத இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது!

காரணம் இதுதான். 1970-ல் பெங்களூர் சென்டரில் நான் சேர்ந்தபோது எங்கள் பிளட்டூனில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நாலு பாஷைப் பையன்கள். உஸ்தாத் கத்துவது இந்தி. அந்த இந்தியை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்க வேண்டும். அதற்கு ரோமன் என்று பெயர், அதில் பரீட்சையும் உண்டு. பாதி இந்தி, கால் இங்கிலீஷ், கால் தமிழ் என்று ஒரு பட்டாள பாஷை எங்கள் வாயில் தானாக உருவாயிற்று. இலக்கணம் கிடையாது. ஆனால் அந்த பாஷையில்தான் சிரித்தோம், திட்டினோம், வீட்டுக்குப் போக லீவு கேட்டோம். இந்த நாவலைச் சொல்லும் பையனும் அப்படி ஒரு பாஷையில்தான் பேசுகிறான்.

நாவலின் பெயர் 'சோஜாபாய்'. சோல்ஜர் பாய் என்பது கிராமத்து வாயில் அப்படி ஆகிவிட்டது. எங்கள் ஊர்க் கிழவிகள் 'சோல்சரு' என்பார்களே, அதைப்போல. எழுதியவர் நைஜீரியாவின் கென் சாரோ-விவா. 1985-ல் தம் சொந்தப் பதிப்பகத்திலேயே வெளியிட்டார். 'அழுகின இங்கிலீஷில் ஒரு நாவல்' என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டார். நைஜீரியாவின் பிட்ஜின், அரைகுறைப் படிப்பின் உடைந்த ஆங்கிலம், அங்கங்கே நல்ல ஆங்கிலம் மூன்றும் கலந்த கலவை அது. பின்பக்கத்தில் சொல்லுக்குப் பொருளும் கொடுத்திருக்கிறார். நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறோம். "பாட்டி, பங்கா பந்த் பண்ணு" என்று சொல்லும் குழந்தைக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும் என்பதை இதைப் படித்த பிறகு ஒப்புக்கொண்டேன். அது வேறு விஷயம், விட்டுவிடுகிறேன்.

கதைக்குப் போகுமுன் அந்த நாட்டுச் சங்கதி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நைஜீரியா 1960-ல் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்றது. வடக்கே ஹௌசா-ஃபுலானி, மேற்கே யொரூபா, கிழக்கே இக்போ என்று மூன்று பெரிய இனங்கள்; இவர்களுக்கு நடுவே இருநூற்றுக்கு மேற்பட்ட சிறிய இனங்கள். 1966 ஜனவரியில் ராணுவப் புரட்சி, ஜூலையில் எதிர்ப்புரட்சி. அந்த ஆண்டு வடக்கில் குடியேறி வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பிழைத்தவர்கள் கிடைத்த ரயிலிலும் லாரியிலும் கிழக்கே ஓடினார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து வாழும் நாம் இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். 1967 மே 30 அன்று கிழக்கு மாகாணம் பயாஃப்ரா என்ற தனிநாடாகப் பிரகடனம் செய்தது. ஜூலை 6-ல் போர் மூண்டது. 1970 ஜனவரி 15-ல் பயாஃப்ரா சரணடைந்தது. முப்பது மாதப் போர். செத்தவர்கள் பத்து லட்சம் என்பாரும் உண்டு, முப்பது லட்சம் என்பாரும் உண்டு. குண்டில் செத்ததைவிடப் பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள்தான் அதிகம், முற்றுகை அப்படி.

கென் சாரோ-விவா இக்போ அல்லர். கிழக்கு மாகாணத்தின் தென்கோடியில் நைஜர் ஆற்று முகத்துவாரப் பக்கம் வாழும் ஒகோனி என்ற சிறு இனத்தவர். அவர்கள் நிலத்தின் அடியில் எண்ணெய் இருந்தது. இரண்டு பட்டாளமும் அந்த நிலத்தின் மேல்தான் நடந்தன. பயாஃப்ராக்காரனுக்கு இவர்கள் காட்டிக்கொடுப்பவர்கள், மத்திய அரசுப் பட்டாளத்துக்கு இவர்கள் எதிரி நாட்டு ஜனங்கள். இரண்டு பக்கமும் சந்தேகம். நாவல் இந்தச் சந்தில்தான் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால் புத்தகம் முழுக்க நைஜீரியா என்றோ பயாஃப்ரா என்றோ ஒரு சொல் கிடையாது. கதை சொல்லும் பையனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்.

பையன் பெயர் மேனே. டுகானா என்ற கிராமம். அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. 'புரோகிரஸ்' என்று பெயர் எழுதிய லாரியில் டிரைவரிடம் தொழில் பழகுகிறான். பக்கத்துப் பட்டணமான பிட்டக்வாவில் ஒரு கள்ளுக்கடையில் ஆக்னஸ் என்ற பெண்ணைப் பார்க்கிறான். லாகோஸ் போய் வந்தவள். ஆனால் டுகானா பெண்தான். கலவரம் வந்தால் என்னைக் காப்பாற்றுகிற ஆம்பிளைதான் எனக்கு வேண்டும் என்கிறாள். ஊரில் ஜாஜா என்று ஒரு கிழவன். பர்மா போரில் சண்டை போட்டவன். அங்கே ஹிட்லரையே எதிர்த்து நின்றதாக அளப்பான். பர்மாவில் ஹிட்லர் எங்கே இருந்தான் என்று கேட்க ஊரில் ஆளில்லை.

இந்த இடத்தில் எனக்கு என் அப்பா நினைவு வந்தார். அவரும் சாப்பர், அவரும் பர்மா. மேற்கு ஆப்பிரிக்க வீரர்களின் 81-வது, 82-வது டிவிஷன்கள் இந்தியா வழியாகத்தான் பர்மாவுக்குப் போயின, அரக்கான் காடுகளில் சண்டை போட்டன. கறுப்புச் சிப்பாய்கள் தலைச்சுமையாகவே மலையேற்றிவிடுவார்கள் என்று அப்பா ஒருதரம் சொன்னார். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. ஜாஜா போல அளக்கவும் இல்லை. ஆனாலும் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த அவர் மெடல் என்னைப் பட்டாளத்தில் சேர்த்தது. மேனேயை ஜாஜாவின் அளப்பு சேர்த்தது.

உடுப்பு, துப்பாக்கி, பெண்களின் பார்வை: மேனே கண்ட போர் அவ்வளவுதான். ஆக்னஸைக் கல்யாணம் செய்துகொண்டு, அம்மாவிடம் விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் போகிறான். அங்கே பெரிய தளபதி வந்து சொற்பொழிவாற்றுகிறார். மேனே அதைப் பெரிய கிராமர் என்கிறான். முக்கால்வாசி அவனுக்கு விளங்கவில்லை. 'எனிமி' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. எனிமி என்பவன் யாரோ ஒரு பலசாலி, தளபதியே இப்படிப் பயப்படுகிறார் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருப்பான் என்று யோசிக்கிறான். வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எதிரி யார் என்பதை நானும் உஸ்தாத் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போர்முனையில் விமானம் வந்து குண்டு போடுகிறது. அவனுக்கு அண்ணன் போல இருந்த புல்லட் என்ற சிப்பாய் செத்துப்போகிறான். ஓடி, காட்டில் விழுந்து, கண் விழிக்கும்போது எதிர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவர்கள் இவனுக்கு வைத்தியம் பார்த்து, லாரி ஓட்டத் தெரியும் என்று அறிந்து, தங்கள் பட்டாளத்திலேயே டிரைவராக வைத்துக்கொள்கிறார்கள். ஆக மேனே இரண்டு பக்கத்துக்கும் சோஜா ஆகிவிட்டான். அவன் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. அவனைக் கேட்காமலே அது நடந்துவிடுகிறது.

இந்த நாவலில் மறக்க முடியாத ஓர் ஆள் உண்டு, மன்மஸ்வாக். நெட்டை ஆள். முதலில் கள்ளுக்கடையில் பார்க்கிறோம். பிறகு போர்முனையில் எதிரிச் சிப்பாயாக வருகிறான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக வந்து மேனேயைப் பிழைக்க வைக்கிறான். கடைசியில் மறுபக்கத்துப் பட்டாளத்தில் கைதிகளைச் சுட்டுக் கொல்பவனாக நிற்கிறான். பெயரின் பொருள், மனிதன் சாப்பிட்டாக வேண்டும் என்பது. நம்மூரில் "வயித்தைக் கழுவணுமே" என்போம். அவனுக்குக் கொள்கை கிடையாது, கோபமும் கிடையாது. உள்நாட்டுப் போரில் கொள்கை பேசுபவர்களைவிட இவனைக் கண்டுதான் எனக்கு வயிறு கலங்கியது.

இனி நான் சொல்ல வந்த இடம். மேனே இரண்டு தடவை ஊருக்குத் திரும்புகிறான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று பேத்தியிடமும் சொன்னேன்.

முதல் தடவை போர் நடக்கும்போதே. எதிர்ப்பக்கத்து டிரைவராக இருந்தவன், அம்மாவையும் மனைவியையும் தேடி நழுவி டுகானாவுக்கு வருகிறான். ஊரில் ஆளில்லை. நடக்க முடியாத டூஜியா என்ற முடவனும், பாம் என்பவனும் மட்டும் மிச்சம். மற்றவர்களைப் பட்டாளம் கொண்டுபோய் அகதி முகாம்களில் விட்டுவிட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள். இங்கே ஊர் காலியாக இருக்கிறது. ஆனால் ஊர் அவனுடையதுதான். இருக்கும் இரண்டு பேரும் அவனோடு பேசுகிறார்கள். அவனுக்கு நம்பிக்கை இருக்கிறது. முகாம் முகாமாகத் தேடிப் போகிறான். அங்கே பசியில் ஜனங்கள் கிடக்க, ஊர்த்தலைவர் பிராபீயும் பாதிரியார் பரிகாவும் நிவாரண உணவைப் பதுக்கிக்கொண்டு நன்றாகச் சாப்பிடுவதைப் பார்க்கிறான். தங்கள் குட்டு வெளிப்படுமே என்று அவர்கள் இவனை எதிரிப் பட்டாளத்தான் என்று பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சொந்த ஊர்த் தலைவர், சொந்த ஊர்ப் பாதிரியார்! சிறை. சுடப்போகிற நேரத்தில் மன்மஸ்வாக்கின் துப்பாக்கியில் குண்டு தீர்ந்து போகிறது. அதனால் பிழைக்கிறான். போரும் முடிகிறது.

இரண்டாம் தடவை வருகிறான். இப்போது ஊரில் ஜனங்கள் இருக்கிறார்கள். முகாம்களிலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் இவனைப் பார்த்ததும் கதவை அடைக்கிறார்கள். ஒருவரும் பேசவில்லை. அம்மா வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. மறுபடியும் டூஜியாதான் பேசுகிறான். ஓட முடியாத முடவன், பேசித்தானே ஆக வேண்டும். நீ உயிரோடு இருக்கிறாயா, செத்துப் போனவனா என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. அம்மாவும் ஆக்னஸும் இருந்த வீட்டின் மேல் குண்டு விழுந்து இருவரும் போய்விட்டார்கள். மேனே போரில் செத்துவிட்டான், முறையாகப் புதைக்கப்படாததால் அவன் ஆவி அலைகிறது என்று ஊர் நம்புகிறது. போருக்குப் பின் ஊரில் ஒரு நோய் வந்து ஆட்கள் சாகிறார்கள். அதுவும் அந்த ஆவியின் வேலைதான் என்று குறி சொல்பவர் சொல்லிவிட்டார். வெள்ளை ஆடு முதல் எல்லாம் ஏழு ஏழாகப் பலி கேட்கிறது தெய்வம். அதற்காக ஊரே பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மேனே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஊரை விட்டுப் போய்விடுகிறான்.

பேத்தி இந்தப் பகுதியை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். கல்லூரிக் குறிப்புப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்குமோ என்னவோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் பிறந்தது பழைய வடாற்காடு மாவட்டத்தில், வேலூருக்குப் பக்கம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள். செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய இருக்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். சண்டையில் செத்தவனை அப்படியே விட்டுவிடக் கூடாது, அவனுக்கு ஓர் இடம் கொடுத்து உட்கார வைத்துவிட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. கல் நட்டால் அவன் சாமி. நடாவிட்டால் அலைகிற ஆவி. காரியம் செய்யாமல் விட்ட அகால மரணத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதும் இதுவேதான். டுகானா ஜனங்களுக்கு முப்பது மாதமாகச் செத்தவர்களைப் புதைக்க நேரமில்லை, இடமில்லை, சொந்த மண்ணே இல்லை. முகாமில் யார் யார் எங்கே விழுந்தார்களோ அங்கேயே விட்டு வந்தார்கள். அத்தனை பேரின் கணக்கையும் யாராவது ஒருவன் தலையில் எழுதியாக வேண்டும். தலைவர் பிராபீ மேல் எழுத முடியாது. அவர் இன்னும் தலைவர். பாதிரியார் மேல் எழுத முடியாது. மேல்மட்டத்தில் பெரிய கிராமர் பேசியவர்கள் மேல் எழுத இவர்களுக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. தெரிந்த ஒரே சோஜா மேனே. உடுப்புப் போட்டுக்கொண்டு ஆசையாகப் போனவன் அவன்தானே?

நோய் என்று ஒன்றும் பொய்யில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போர் முடிந்த ஊரில் கிணறு கெட்டிருக்கும், பிள்ளைகள் உடம்பில் சத்து இருக்காது. சாவு நிஜம். காரணம் சொல்வதில்தான் தவறு. அந்தத் தவறு தலைவருக்கும் பாதிரியாருக்கும் வசதியாக இருக்கிறது.

இன்னொரு கதையையும் கூடவே படிக்கச் சொல்வேன். சினுவா அச்செபேயின் 'சிவில் பீஸ்' என்ற சிறுகதை, ஏழெட்டுப் பக்கம்தான். 1970-க்குப் பிந்தைய எனுகு நகரம். ஜானதன் என்பவர் சிப்பாய் அல்லர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. போருக்குப் பின் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார். நாலு பிள்ளைகளில் மூன்று மிச்சம். ஒரு சைக்கிளை, முகாமில் செத்தவர்களைப் புதைத்த இடத்தில், தன் கடைசி மகனைப் புதைத்ததற்குப் பக்கத்திலேயே புதைத்து வைத்திருந்தார். அதைத் தோண்டியெடுத்து எண்ணெய் போட்டு, சவாரி ஏற்றிக் காசு சேர்க்கிறார். பக்கத்தில் ஒரு காங்கிரீட் கட்டடமே நொறுங்கிக் கிடக்க, இவருடைய சின்ன வீடு அப்படியே நிற்கிறது. மனைவி பலகாரம் சுடுகிறாள், பிள்ளைகள் மாம்பழம் பொறுக்கி விற்கிறார்கள். இங்கே ஊர் திரும்புவது சாத்தியமாகிறது. ஏன்? அவர் எந்தக் கதையும் கொண்டு வரவில்லை, கையில் துப்பாக்கி இருந்ததில்லை. அவருக்கு ஊர் கணக்குப் பார்க்கவில்லை.

அந்தக் கதையில் வரும் இருபது பவுன் உண்மைச் சரித்திரம். வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று ராணுவ ஆட்சித் தலைவர் கோவான் அறிவித்தார். நல்ல பேச்சு. ஆனால் போர்க்காலத்தில் பணத்தைக் கையாண்டிருந்த கிழக்கு மாகாண வங்கிக் கணக்குகளில் எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு இருபது பவுன் என்று கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். ஆயிரம் இருந்தவனுக்கும் இருபதுதான். போர்ட் ஹார்கோர்ட்டில் இக்போ மக்கள் விட்டு ஓடிய வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' ஆயின. திரும்பி வந்தவன் தன் வீட்டுத் திண்ணையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கக் கண்டான். வீட்டை 'கைவிட்டான்' என்று யார் சொல்வது? உயிருக்கு ஓடினவன் பூட்டிக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டுதானே ஓடியிருப்பான்!

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கென் சாரோ-விவா அந்தப் போரில் நடுநிலையாளர் அல்லர். மத்திய அரசின் பக்கம் நின்றார். போனி துறைமுகத்தின் நிர்வாகியாக இருந்தார், பிறகு ரிவர்ஸ் மாநில அரசில் பதவி வகித்தார். இக்போ எழுத்தாளர்களுக்கும் வாசகர்களுக்கும் அவர்மேல் வருத்தம் உண்டு. ஆனாலும் மேனேயின் வாயால் பேசும்போது அவர் எந்தப் பக்கத்துக்கும் சலுகை காட்டவில்லை என்றே எனக்குப் படுகிறது. பின்னாளில் ஒகோனி மக்களின் நிலத்தைப் பாழாக்கிய எண்ணெய்த் தொழிலை எதிர்த்து இயக்கம் நடத்தினார். தாம் ஆதரித்த அதே மத்திய அரசு, ராணுவ ஆட்சியாக, 1995 நவம்பர் 10-ல் அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. காமன்வெல்த் அமைப்பிலிருந்து நைஜீரியா இடைநிறுத்தம் செய்யப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் தீராது. வாசகர் வட்டத்தில் இதைச் சொல்லவில்லை. எழுதும்போது சொல்லலாம் போலிருக்கிறது.

1971 போரில் நான் மேற்கு எல்லையில் இருந்தேன். 1972-ல் லீவில் ஊருக்கு வந்தேன். பஸ் நின்ற இடத்தில் மேளம். ரோஜா மாலை. எங்கள் சித்தப்பா டீக்கடைப் பெஞ்சில் என்னை உட்கார வைத்து, ஒரே கதையை மூன்று தடவை சொல்ல வைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் டீ அவர் கணக்கு. நான் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஜாஜா கிழவனை நான் ரொம்பத் திட்ட முடியாது.

1988-ல் அமைதிப் படையோடு இலங்கைக்குப் போனேன். சாலையில், வரப்பில், பள்ளிக்கூட வாசலில் கண்ணிவெடி தேடினோம். 1990 மார்ச்சில் திருகோணமலையில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தோம். அந்த வரவேற்பைப் பற்றி அப்போதே பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன, நான் கிளறவில்லை. லீவில் ஊருக்கு வந்தேன். அதே பஸ் நிறுத்தம். அதே சித்தப்பா, அதே பெஞ்சு. டீ வாங்கிக் கொடுத்தார். மழை இல்லை என்றார். ஏரி வறண்டதைச் சொன்னார். கறவை மாட்டை விற்றதைச் சொன்னார். நான் காத்திருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அங்க ஜனங்க நம்ம பாஷைதான பேசுறாங்க?" என்று கேட்டார்.

"ஆமா சித்தப்பா."

"சரி, வீட்டுக்குப் போ. பசங்க காத்திருக்கும்."

அதற்குப் பிறகு அவர் சாகும்வரை என்னிடம் பட்டாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னை வெறுத்தார் என்று சொல்ல மாட்டேன். என் மகளுக்குக் கல்யாணத்துக்கு நகை போட்டவர் அவர். ஆனால் கேட்கவில்லை. எங்கள் ஊருக்குச் சில மைல் தள்ளி அகதிகள் முகாம் ஒன்று இருந்தது. அங்கிருந்து கட்டட வேலைக்கு வரும் ஒரு பெண், நான் பச்சைக் கிட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக் குழந்தையைக் கையைப் பிடித்து ரோட்டின் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் அவளுக்கு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அவள் ஊரில் யார் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்கலாம். நான் பேசும் பாஷையில்தானே அவளும் பேசுவாள்.

எங்கள் ஊர் இடியவில்லை, எங்கள் வீட்டின் மேல் குண்டு விழவில்லை. மேனேயோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. ஆனால் வெளிநாட்டுச் சண்டைக்குப் போனவனைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்கிற ஊர், தன் ஜனங்களே அடித்துக்கொண்ட சண்டையிலிருந்து வருபவனிடம் கதை கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். முதலாவதில் ஊருக்குத் தெரியாததை நாம் கொண்டு வருகிறோம். இரண்டாவதில் ஊர் நமக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொள்கிறது. டுகானாவில் அந்த மௌனத்துக்குப் பேய் என்று பெயர் வைத்தார்கள்.

பேத்திக்குப் பரீட்சையில் மேனே ஏன் ஊரை விட்டுப் போனான் என்ற கேள்வியே வந்தது. அம்மாவும் மனைவியும் செத்துவிட்டதால் என்று எழுதினாளாம். சரியான பதில்தான், மார்க் போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து, "நீங்க எழுதியிருந்தா என்ன எழுதுவீங்க தாத்தா?" என்றாள். அவர்கள் இறந்தது மட்டுமென்றால் இருந்து அழுதிருப்பான், கல்லறை எங்கே என்று தேடியிருப்பான். அழக்கூட இடம் தராமல் ஊரே கதவை அடைத்தது, அதனால் போனான் என்றேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று கோபித்துக்கொண்டாள்.

புத்தகம் இப்போது சங்க நூலகத்தில் இருக்கிறது. பேத்தி பாடம் முடிந்து கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் எடுத்துச் செல்லலாம். முதல் இருபது பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வாய்விட்டுப் படியுங்கள், வழிக்கு வந்துவிடும். பின்பக்கச் சொற்பட்டியலில் பேத்தி பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதி வைத்திருக்கிறாள். சில இடங்களில் அவள் தமிழுக்கும் பொருள் தேவைப்படும். அதை நான் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.